பூதக்கண்ணாடி எறும்பைப் பெத்துப் போடாது

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். ஏழு நிமிஷத்துல ரெண்டு நிமிஷம் வணக்கத்துக்கே போயிடக்கூடாது. 'இன உணர்வு நிறவெறிக்கு எதிரே கேடயமா, காயத்தைக் கீறும் கத்தியா?' எங்க அணி சொல்றது, கேடயம்.

எதிரணி அண்ணன் நல்லாக் கைத்தட்டு வாங்கிட்டுப் போனார். "எங்க இனம், எங்க இனம்னு பூதக்கண்ணாடியோட அலையறவனுக்கு எறும்பும் யானையாத் தெரியும்"னார். அண்ணே, பூதக்கண்ணாடி எறும்பைப் பெருசாக் காட்டும். இல்லாத எறும்பைப் பெத்துப் போடாது!

பாதி நிஜம்தான், ஒத்துக்கறேன். 2003ல ராபர்ட் செல்லர்ஸும் நிக்கோல் ஷெல்டனும்னு ரெண்டு உளவியல் ஆய்வாளர்கள் ஆப்பிரிக்க அமெரிக்கக் கல்லூரி மாணவர்களை ஆராய்ஞ்சாங்க. கறுப்பர்ங்கிற அடையாளம் யாருக்கு அழுத்தமா இருந்துச்சோ, அவங்கதான் பாகுபாட்டை அதிகம் சந்திச்சதாச் சொன்னாங்க. அண்ணன் இதோட புத்தகத்தை மூடிட்டார். அடுத்த பக்கத்தைப் புரட்டணுமில்ல? 'ஊர் நம்ம இனத்தை மட்டமாத்தான் பார்க்குது'ன்னு முன்னமே தெரிஞ்சு வெச்சிருந்தவங்களுக்கு, பாகுபாட்டால வந்த மன உளைச்சல் குறைவு. கடைக்காரன் பின்னாடியே வந்து கையைப் பார்க்கிறான். 'நான் என்ன தப்பு செஞ்சேன்'னு ஒருத்தன் ராத்திரி பூரா புரளுவான். 'கோளாறு அவன்கிட்ட'ன்னு இன்னொருத்தன் தூங்கிடுவான்.

சரி, அந்தத் தெளிவே இல்லாத வயசுல? கென்னத் கிளார்க், மேமி கிளார்க்னு அமெரிக்க உளவியலாளர் தம்பதி 1947ல வெளியிட்ட ஆய்வு. நாலு பொம்மை. இடுப்புத்துணி மட்டும்தான் உடுப்பு. அச்சு ஒண்ணு, தோலும் முடியும்தான் வேற: ரெண்டு பழுப்பு, ரெண்டு வெள்ளை. 3 வயசுலேர்ந்து 7 வரைக்கும் 253 கறுப்பினக் குழந்தைங்க. விளையாட எது வேணும்? மூணுல ரெண்டு பங்கு, வெள்ளை. எது நல்ல பொம்மை? பெரும்பாலும் வெள்ளை. எது கெட்டது? பழுப்பு. இன்னொரு தடவை சொல்றேன், கைதட்டாமக் கேளுங்க. பழுப்பு கெட்டதுன்னு சொல்றது யாரு? பழுப்புக் குழந்தை! 'உன்னை மாதிரி இருக்கிறது எது?'ங்கிறதை வேணும்னே கடைசிக்கு வெச்சாங்க, முன்னாடி கேட்டா மத்த பதிலெல்லாம் மாறிடுமேன்னு. சில குழந்தைங்க அழுதுகிட்டே வெளிய ஓடிடுச்சு. 1954ல பள்ளிகள்ல நிறப் பிரிவினை சட்டவிரோதம்னு அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்புல, அடிக்குறிப்பா கிளார்க் பேர் இருக்கு. அந்தப் பிள்ளைங்களுக்கு நிறம் தெரியாம இல்லீங்க. பெருமைதான் கிடைக்கல.

அமெரிக்காவுல ஒரு கறுப்பினத் தாய் பையனுக்குச் சொல்லித் தர்றா: "போலீஸ் நிறுத்தினா ரெண்டு கையும் ஸ்டியரிங் மேல வை. லைசென்ஸ் எடுக்கணுமா, சொல்லிட்டு எடு. சட்டுனு திரும்பாதே." இதோட நிறுத்தினா பிள்ளை பயந்தே வளருவான். அதனால இதையும் சொல்றா: "பஸ்ல கறுப்பருக்குத் தனி இடம்னு ஒதுக்கினதை எதிர்த்து, மாண்ட்கோமெரி ஊர்ல 381 நாள் பஸ் ஏறாம நடந்தே வேலைக்குப் போன ஜனங்கடா நாம!" கண்ணுல தண்ணி, ஆனா முதுகு நிமிர்ந்திருக்கு.

அந்த அம்மாகிட்டப் போய், "இனம் கினம்னு சொல்லாதம்மா, வலிக்காது"ன்னு அண்ணன் சொல்லிட்டு வரட்டும், பார்க்கலாம். மணி அடிச்சிட்டீங்க நடுவர் ஐயா, உட்கார்ந்துடறேன்.