தேர் திரும்பும் முக்கும் ரேஸ் டிராக்கின் வளைவும்

நேயர்களுக்கு வணக்கம்.

நெல்லையப்பர் ஆனித் தேர் வாகையடி முக்கில் திரும்புவதைப் பார்த்தவர்களுக்கு இன்றைய பேச்சில் பாதி ஏற்கெனவே தெரியும். உருண்டு வருகிற தேரை அந்த வேகத்திலேயே யாரும் திருப்புவதில்லை. முக்கு வருமுன் சக்கரத்துக்குக் கட்டை போட்டு வேகத்தை அடக்குவார்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக முகத்தைத் திருப்புவார்கள். முகம் அடுத்த வீதியைப் பார்த்த பின்னால்தான் வடத்தை முழுப் பலத்தோடு இழுக்க விடுவார்கள். அடக்குவது, திருப்புவது, இழுப்பது என்று மூன்றும் தனித்தனி வேலை. ரேஸ் டிராக்கில் முதன்முதலாகக் கார் ஓட்டப் போகிறவர் இந்த வரிசையைக் கலக்காமல் இருந்தாலே அன்றைய பாடம் முடிந்தது.

நம் பக்கத்தில் டிராக் கிடையாது. கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது, நீளம் இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டை டிராக் 3.7 கிலோமீட்டர், அதில் 12 வளைவுகள். இத்தகைய டிராக்குகளில் சொந்தக் காரைக் கொண்டுபோய் ஓட்டிப் பார்க்கும் நாளைத்தான் டிராக் டே என்கிறார்கள். அது போட்டி அல்ல, பரிசும் இல்லை.

அவ்வளவு தூரம் போவானேன், மாஞ்சோலை ஏறும் பாதையில் ஒத்திகை பார்த்தால் என்ன என்று கேட்கும் தம்பிகள் உண்டு. இப்போது சொல்லப்போகும் முறைக்குச் சாலையின் முழு அகலமும் வேண்டும். பாதி அகலம் எதிரே வருகிறவருடையது. அதோடு, பொதுச் சாலையில் ரேஸ் ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 189-ஆம் பிரிவின்படி முதல் தடவைக்கே 3 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

சரி, வளைவுக்கு வருவோம். வானொலியில் படம் காட்ட முடியாது, ஆகையால் ஒரு தாளில் 'ட' என்று பெரிதாக எழுதிக்கொள்ளுங்கள். மேலிருந்து இறங்கி வந்து, முக்கில் திரும்பி, படுக்கைக் கோட்டில் போகிறீர்கள். தாளில் வலப்பக்கம் போவதாகத் தெரியும், ஆனால் காருக்குள் இருப்பவருக்கு அது இடது திருப்பம். இதில் டிராக்கின் வலது ஓரம் வெளி ஓரம், இடது ஓரம் உள் ஓரம்.

வெளி ஓரத்தை ஒட்டி வர வேண்டும். அங்கிருந்து ஸ்டியரிங்கைத் திருப்பி உள் ஓரத்தைத் தொட வேண்டும். அந்த இடத்துக்கு ஏபெக்ஸ் என்று பெயர். பிறகு காரை அதன் போக்கில் விட்டால் மறுபடி வெளி ஓரத்துக்கு வந்து சேரும். ஓரம், உள், ஓரம். இதுதான் ரேசிங் லைன்.

இப்படிச் சுற்றிக்கொண்டு போவதற்குக் கணக்கு இருக்கிறது. டயர் ரோட்டை எவ்வளவு பிடிக்கும் என்பதற்கு உராய்வு எண் என்று ஓர் அளவு உண்டு; காய்ந்த தார் ரோட்டில் நல்ல சாலை டயருக்கு அதை 0.9 என்று வைத்துக்கொள்வோம். உள் ஓரத்தை ஒட்டியே திரும்பி, வளைவின் ஆரம் 20 மீட்டர் ஆனால், டயர் தாங்கும் வேகம் மணிக்கு 48 கிலோமீட்டர். முழு அகலத்தையும் எடுத்து ஆரத்தை 30 மீட்டர் ஆக்கினால் 59. அதே கார், அதே டயர், பதினொரு கிலோமீட்டர் லாபம்.

புதியவர்கள் தவறுவது ஏபெக்ஸில்தான். வளைவு கண்ணில் பட்டதும் கை தானாகத் திருப்பிவிடும். உள் ஓரத்தைச் சீக்கிரமே தொட்டுவிடுவார்கள். அந்த நேரம் எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தோன்றும், வெளியேறும்போதுதான் வினை. திருப்பம் பாதி பாக்கி இருக்க ரோடு தீர்ந்துபோகும், கார் மண்ணில் இறங்கும். ஆகவே முதல் நாள் முழுக்க, திரும்பலாம் என்று மனம் சொன்ன பிறகு இன்னும் கொஞ்சம் நேரே போய்த் திரும்புங்கள். வளைவில் மூன்றில் இரண்டு பங்கு போன பின் உள் ஓரத்தைத் தொட்டால் போதும். வேகம் சற்றுக் குறையும்தான். ஆனால் வெளியேறும் பக்கம் ரோடு மிச்சம் இருக்கும், ஆக்சிலேட்டரையும் முன்னதாகவே மிதிக்கலாம். அடுத்து வருவது நீளமான நேர்ப்பாதை என்றால் அந்த வளைவுதான் டிராக்கிலேயே முக்கியமானது. இரண்டு வளைவு அடுத்தடுத்து வந்தால் முதலாவதைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து இரண்டாவதை ஒழுங்காக எடுங்கள்.

பிரேக்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் நிற்க, அதே உராய்வுக் கணக்கில், ஏறக்குறைய 44 மீட்டர் வேண்டும். 120-ல் வந்தால் 63 மீட்டர். வேகம் ஐந்தில் ஒரு பங்குதான் கூடியது, தூரமோ ஒன்றரை பஸ் நீளத்துக்கு மேல் கூடிவிட்டது. 'போன ரவுண்டில் இங்கேதானே மிதித்தேன்' என்பது ஆபத்தான கணக்கு. போன ரவுண்டில் அந்த வேகத்தில் வந்திருக்க மாட்டீர்கள்.

மிதிப்பதை நேர்ப்பாதையிலேயே, ஸ்டியரிங் நேராக இருக்கும்போதே செய்யுங்கள். முதலில் அழுத்தமாக, பிறகு மெள்ள மெள்ள விடுவது. பெரும்பாலோர் தலைகீழாகச் செய்கிறார்கள்: தயங்கித் தொட்டு, வளைவு நெருங்கியதும் பதறி அழுத்துகிறார்கள். டயரின் பிடியை ஒரு படி அரிசி என்று நினைத்துக்கொள்ளுங்கள். பிரேக்குக்கே முழுப் படியையும் அளந்துவிட்டால் திரும்புவதற்கு ஒரு மணிகூட மிஞ்சாது. வளைவுக்குள் பிரேக்கோடு நுழையும் வித்தை ஒன்று உண்டு. முதல் நாள் அது வேண்டாம். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் உள்ள காரில் பெடல் காலடியில் தடதடக்கும், பயந்து காலை எடுக்க வேண்டாம். கியரைக் குறைப்பது வேகம் நன்றாக அடங்கிய பிறகு.

நம்மூரில் ஓடும் சின்னக் கார்கள் பெரும்பாலும் முன்சக்கரம் இழுப்பவை. வேகம் மிஞ்சினால் ஸ்டியரிங் திரும்பியிருந்தும் மூக்கு வெளியே தள்ளும். அப்போது ஸ்டியரிங்கை இன்னும் முறுக்குவது பயன்படாது. ஆக்சிலேட்டரை மெதுவாகத் தளர்த்தி, ஸ்டியரிங்கையும் சற்று விடுங்கள், பிடி திரும்ப வரும். நடு வளைவில் திடுக்கென்று காலை எடுத்தால் எடை முன்னால் சாயும், பின்சக்கரம் லேசாகி வால் சுழலும். சுழன்றே போனால் கிளட்சையும் பிரேக்கையும் ஒருசேர அழுத்தி, கார் நிற்கும்வரை விடாதீர்கள்.

கண், கார் மூக்குக்கு முன்னால் உள்ள ரோட்டில் இருக்கக் கூடாது. பிரேக் மிதிக்கும்போதே ஏபெக்ஸைத் தேடுங்கள், ஏபெக்ஸ் வருமுன் வெளியேறும் ஓரத்தைப் பாருங்கள். பார்க்கிற இடத்துக்குத்தான் கை போகும்.

காரைப் பொறுத்தவரை பெரிய செலவு தேவையில்லை, ஆனால் பிரேக் ஆயிலை மாற்றாமல் போகாதீர்கள். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 என்ற தர பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ், ஈரம் ஏறியதும் 155 வரை இறங்கலாம். ஆயில் கொதித்துக் குமிழி விட்டால் பெடல் பஞ்சுபோல அமுங்கும், கார் நிற்காது. பெடல் ஒரு தடவை அப்படி அமுங்கினாலும் அந்த ரவுண்டோடு பிட்டுக்கு, அதாவது டிராக் ஓரத்தில் கார் நிறுத்தும் இடத்துக்கு, வந்துவிடுங்கள். ஒரு செஷன், அதாவது ஒரு தடவை டிராக்கில் இறங்கி ஓட்டும் நேரம், 15, 20 நிமிடம் என்றால் கடைசி ரவுண்டைப் பிரேக் அதிகம் தொடாமல் ஓட்டி ஆற விடுங்கள். வந்து நின்றதும் ஹேண்ட் பிரேக் போடாமல் கியரில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் கொடுங்கள். சூட்டோடு பிடித்தால் பிரேக் பேடு, அதாவது சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் கட்டை, ஒட்டிக்கொள்ளும்.

டயர் சூடேறினால் காற்று 4 முதல் 6 பிஎஸ்ஐ வரை கூடும். ஒவ்வொரு செஷனுக்கும் பிறகு அளந்து, கூடியதை இறக்குங்கள். சக்கர நட்டுகளை, இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரென்ச் வைத்து, காரோடு வந்த புத்தகத்தில் உள்ள அளவுக்கு இறுக்கிப் பாருங்கள். மிதியடி, தண்ணீர் பாட்டில், டேஷ்போர்டு பிள்ளையார் எல்லாம் இறங்கிவிட வேண்டும். பாட்டில் உருண்டு பிரேக் பெடலுக்கு அடியில் போனால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கொடிகளும் தெரிந்திருக்க வேண்டும். மஞ்சள் என்றால் முன்னே ஆபத்து, முந்தக் கூடாது. நீலம் என்றால் பின்னால் வேகமான கார், வழி விடுங்கள். சிவப்பு என்றால் ஓட்டம் நிறுத்தம், மெதுவாகப் பிட்டுக்கு வாருங்கள். முந்துவது நேர்ப்பாதையில் மட்டும், அதுவும் முன்னால் போகிறவர் கை காட்டிய பிறகு.

இன்சூரன்ஸையும் நம்பிப் போகாதீர்கள். வழக்கமான கார் பாலிசி, ரேஸுக்கும் வேகச் சோதனைக்கும் செல்லாது. பழுதானால் செலவு உங்களுடையது.

மாலையில் கிளம்பும்போது டயர் ஆறியிருக்கும். பகலில் இறக்கிய காற்றை வழக்கமான அளவுக்கு ஏற்றி, பேடு எவ்வளவு மிச்சம் என்று பார்த்து, நட்டுகளை இன்னொரு தடவை இறுக்கிவிட்டு வண்டியை எடுங்கள். செட்டிபாளையத்திலிருந்து திருநெல்வேலிக்கு ஏறக்குறைய 350 கிலோமீட்டர் இருக்கிறது. பகலெல்லாம் வேகத்தைப் பார்த்த கண்ணுக்குக் கோவில்பட்டி தாண்டிய நான்குவழிச் சாலையில் 100 கூட நடக்கிற வேகமாகத்தான் தெரியும். அங்கே ஸ்பீடாமீட்டரைப் பார்த்து ஓட்டுங்கள்.

வணக்கம்.