பணம் போடும்போது கேட்காத ஆதார், எடுக்கும்போது மட்டும் எதற்கு?

(திரையில்: ஒரு கைபேசி. 'டெபாசிட்' பக்கம் திறந்திருக்கிறது. 500, 1,000, 5,000 என்று பொத்தான்கள்.)

வணக்கம். ஆன்லைன் சூதாட்டத் தளம் ஒன்றில் கணக்கு தொடங்க ஒரு மொபைல் எண்ணும் ஒரு ஓடிபியும் போதும். வயது 18 ஆகிவிட்டதா என்று கேட்பார்கள். ஒரு டிக் அடித்தால் நம்பிவிடுவார்கள். அடுத்த நிமிடமே பணம் போடலாம். ஆனால் அதே தளத்தில் பணத்தை எடுக்கப் போனால் ஆதார் கேட்கிறார்கள், பான் கேட்கிறார்கள், ஆதாரைக் கையில் பிடித்தபடி செல்ஃபி கேட்கிறார்கள். அனுப்பினால், 'படம் தெளிவாக இல்லை, மறுபடி அனுப்பவும்' என்று பதில் வருகிறது.

ஏன் இப்படி என்று பார்க்கலாம். இது ஆடச் சொல்லித்தரும் வீடியோ இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், இந்தியாவில் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை நடத்துவதையே குற்றமாக்கியது. 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். அந்த ஆட்டங்களுக்கான பணத்தை வங்கிகளும் பேமெண்ட் நிறுவனங்களும் கைமாற்றக் கூடாது. ஆனாலும் வெளிநாட்டுத் தளங்கள் டெலிகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் லிங்க் அனுப்பி ஆள் பிடித்துக்கொண்டேதான் இருக்கின்றன. அங்கே பணம் போட்டுவிட்டுத் தவிப்பவர்களுக்கும், அவர்கள் வீட்டாருக்கும்தான் இந்த வீடியோ.

(திரையில்: பிரிட்டன் வரைபடம். '2019 மே 7'.)

கேஒய்சி, அதாவது வாடிக்கையாளர் யார் என்று ஆவணம் வாங்கிச் சரிபார்ப்பது, எதற்காக வந்ததோ, அதை ஒழுங்காகச் செய்யும் இடம் ஒன்றை முதலில் பார்த்துவிடலாம். பிரிட்டனில் ஆன்லைன் சூதாட்டத்துக்குச் சட்டப்படி அனுமதி உண்டு. கேம்ப்ளிங் கமிஷன் என்ற அமைப்பு உரிமம் கொடுத்துக் கண்காணிக்கிறது. 2019 மே 7 முதல் அங்கே ஒரு விதி: பெயர், முகவரி, பிறந்த தேதி மூன்றையும் சரிபார்த்த பிறகுதான் ஒருவரை ஆட விட வேண்டும். அதற்கு முன்பு வயதைச் சரிபார்க்க 72 மணி நேரம் அவகாசம் இருந்தது. அந்த இடைவெளியில் ஒரு பள்ளிக்கூடப் பையன் உள்ளே புகுந்து ஆடிவிட முடியும் என்பதால்தான் அதை எடுத்தார்கள்.

அதே விதிகளில் இன்னொன்று உண்டு. முன்பே கேட்டிருக்கக்கூடிய ஆவணத்தை, பணம் எடுக்கும் நேரம் பார்த்து நிபந்தனையாகக் கேட்கக் கூடாது. பணத்தை எடுக்க முடியாமல் அலைக்கழிந்தவர்களின் புகார்கள்தான் இந்த விதியைக் கொண்டுவந்தன.

ஆவணத்தைத் திருப்பித் திருப்பிக் கேட்பதால் தளத்துக்கு என்ன லாபம்? 'வித்ட்ரா' கொடுத்தபின் அந்தத் தொகை 'பெண்டிங்' என்று நிற்கும். ஒரு நாள், இரண்டு நாள், ஒரு வாரம். அதன் பக்கத்திலேயே 'ரத்து செய்' என்று ஒரு பொத்தான் இருக்கும். அதைத் தொட்டால் பணம் மறுபடி ஆட்டக் கணக்குக்குத் திரும்பிவிடும். ராத்திரி தூக்கம் வராமல் புரண்டுகொண்டிருப்பவர் அந்தப் பொத்தானை அமுக்குவார், விடிவதற்குள் அத்தனையும் போயிருக்கும். இந்த வசதியை 2021 அக்டோபர் முடிவோடு பிரிட்டனில் தடை செய்துவிட்டார்கள். கிரெடிட் கார்டில் கடன் வாங்கிச் சூதாடுவதை அதற்கும் முன்பே, 2020 ஏப்ரல் 14 முதல் நிறுத்திவிட்டார்கள். நம் ஊருக்குள் திருட்டுத்தனமாக வரும் தளங்களில் அந்த ரத்துப் பொத்தான் இன்னும் இருக்கிறது. எனக்கு மிகவும் கோபம் வருவது இந்த ஒரு பொத்தான்மேல்தான்.

(திரையில்: கியூஆர் கோடு. கீழே நிமிடக் கணக்கு ஓடுகிறது. அதற்கும் கீழே 'யூடிஆர் எண்ணை இங்கே பதியவும்'.)

இப்போது பணம் போடும் பக்கத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஒரு கியூஆர் கோடு. சில நிமிடங்களில் காலாவதி ஆகிவிடும் என்று ஒரு கடிகாரம் ஓடுகிறது. ஸ்கேன் செய்தால், பணம் யாருக்குப் போகிறது என்று உங்கள் யூபிஐ ஆப் பெயரைக் காட்டும். அது தளத்தின் பெயராக இருக்காது. ஏதோ ஒரு டிரேடர்ஸ், ஏதோ ஒரு மொபைல் கடை, இல்லை என்றால் முன்பின் தெரியாத ஒரு தனி ஆள். நாளைக்கு வேறு பெயர் வரும்.

பணம் அனுப்பியதும் 12 இலக்க யூடிஆர் எண்ணை, அதாவது அந்தப் பரிமாற்றத்துக்கு மட்டுமே உரிய அடையாள எண்ணை, பதியச் சொல்கிறார்கள், ஸ்கிரீன்ஷாட்டும் கேட்கிறார்கள். மின்கட்டணம் கட்டும்போது, ரயில் டிக்கெட் எடுக்கும்போது யாராவது இப்படிக் கேட்டதுண்டா? முறையான பேமெண்ட் கேட்வே இருந்தால் பணம் வந்த தகவல் தானாகவே கணினிக்குப் போய்விடும். இங்கே அந்த இணைப்பு கிடையாது. பணம் போவது இன்னொருவரின் வங்கிக் கணக்குக்கு. யார் அனுப்பிய பணம் எது என்று பிரித்தறிய அவர்களுக்கு உங்கள் யூடிஆர் தேவைப்படுகிறது, அவ்வளவுதான்.

இந்த இரவல் கணக்குகளை மியூல் அக்கவுண்ட் என்பார்கள். கல்லூரி மாணவர்கள், கைச்செலவுக்கே திண்டாடுபவர்கள், சிறு கடைக்காரர்கள் என்று பார்த்துப் பிடித்து, கமிஷன் தருகிறோம் என்று சொல்லி ஏடிஎம் கார்டு, சிம், நெட்பேங்கிங் கடவுச்சொல் எல்லாவற்றையும் வாங்கிக்கொள்கிறார்கள். வழக்கு என்று வரும்போது போலீஸ் முதலில் தேடி வருவது அந்தக் கணக்கின் சொந்தக்காரரைத்தான்.

ஜெயித்தவருக்கும் இதில் ஆபத்து உண்டு. ஒழுங்கான தளத்தில், பணம் எந்த வழியில் உள்ளே வந்ததோ அதே வழியில் திருப்பித் தருவதுதான் வழக்கம். கறுப்புப் பணம் கைமாறாமல் இருக்க அது ஒரு தடுப்பு. இங்கே நீங்கள் போட்டது ஒருவர் கணக்கில், உங்களுக்கு வருவது இன்னொருவர் கணக்கிலிருந்து. அந்த இன்னொரு கணக்கில் எங்கோ ஒரு மாநிலத்தில் ஏமாற்றப்பட்டவரின் பணமும் சேர்ந்து கிடந்தால், விசாரணையின் வால் உங்கள் கணக்குவரை நீளும். சம்பளம் வரும் கணக்கு ஒரு நாள் காலையில் முடங்கிக் கிடக்கும். வங்கியில் போய்க் கேட்டால், வேறு மாநில சைபர் போலீஸிடமிருந்து உத்தரவு வந்திருக்கிறது என்பார்கள்.

(திரையில்: சாட் பெட்டி. 'உங்கள் தொகையைப் பெற 30 சதவீத வரியை முதலில் செலுத்தவும்.')

இது அப்பட்டமான மோசடி. ஆன்லைன் ஆட்டத்தில் ஜெயித்த நிகரத் தொகைக்கு 30 சதவீதம் வருமான வரிப் பிடித்தம் என்ற விதி 2023 ஏப்ரலில் வந்தது உண்மை. ஆனால் அது பிடித்தம். கொடுப்பவர் கழித்துக்கொண்டு மீதியைத் தர வேண்டும். 'வரியை முதலில் நீ எனக்கு அனுப்பு' என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. வெரிஃபிகேஷன் கட்டணம், கணக்கைத் திறக்கும் கட்டணம், விஐபி டெபாசிட் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் இதே கதைதான். திரையில் தெரியும் அந்த லட்சம் வெறும் எண். அதை எடுக்க இன்னொரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள்.

தளத்தின் பக்கத்தின் அடியில் குராசோ உரிமம் என்று ஒரு முத்திரை இருக்கலாம். குராசோ என்பது கரீபியன் கடலில் இருக்கும் ஒரு தீவு. அந்த உரிமம் உண்மையாகவே இருந்தாலும் இந்தியாவில் செல்லாது.

(திரையில்: 1930.)

சரி, பணம் போய்விட்டது. அடுத்து என்ன செய்வது? உடனே சைபர் மோசடிகளுக்கான உதவி எண் 1930க்கு அழையுங்கள், தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதியுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் நிறுத்திவைக்க அவ்வளவு வாய்ப்பு. அவர்கள் கேட்டு வாங்கிய அதே யூடிஆர் எண்கள்தான் இப்போது உங்களுக்கும் ஆதாரம், அவர்களோடு நடந்த சாட் உரையாடலை அழித்துவிடாதீர்கள்.

ஆடினேன் என்று சொன்னால் என்னையே பிடிப்பார்களோ என்ற பயம் பலரைப் புகார் கொடுக்க விடுவதில்லை. 2025 மத்தியச் சட்டம் ஆடியவரைத் தண்டிக்கவில்லை. தமிழ்நாட்டின் 2022 சட்டத்தில் சூதாட்டம் ஆடுபவருக்கு 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், இல்லை இரண்டுமே என்று இருக்கிறது. அதை மறைத்துப் பேச நான் விரும்பவில்லை. தயக்கம் இருந்தால் ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டுப் போங்கள். அதற்காக மாதக்கணக்கில் வாய்மூடி இருக்காதீர்கள். ஆட்டத்தை விட முடியவில்லை, மனம் உடைந்து போயிருக்கிறது என்றால் 14416, டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண். இலவசம், எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.

ஆவணங்களை அனுப்பிவிட்டவர்களுக்கு இன்னும் கொஞ்சம் வேலை இருக்கிறது. ஆதாரின் பயோமெட்ரிக்கை, அதாவது கைரேகை, கண் பதிவுகளை, லாக் செய்யுங்கள். உங்கள் பெயரில் யாராவது கடன் வாங்கியிருக்கிறார்களா என்று கிரெடிட் ரிப்போர்ட்டைப் பாருங்கள். ஆண்டுக்கு ஒரு முறை இலவசமாகவே தருகிறார்கள். அப்புறம் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்துக்குப் போய், உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று பாருங்கள். தெரியாத எண் இருந்தால், 'இது என் எண் இல்லை' என்று அங்கேயே புகார் கொடுக்கலாம்.