சி.இ.டி. மார்க்கும் பி.யூ.சி. மார்க்கும்

வணக்கம். பெங்களூரில் அல்சூர், ஸ்ரீராமபுரம் பக்கம் ஜூன் மாதம் எந்தத் தமிழ் வீட்டுக்குப் போனாலும் இந்தக் கேள்வி வரும். "சி.இ.டி. நல்லா பண்ணியிருக்கா சார், பி.யூ.சி. மார்க்தான் காலை வாரிடுச்சு. இன்ஜினியரிங் சீட் கிடைக்குமா?" சி.இ.டி. என்றால் கர்நாடகத்தின் பொது நுழைவுத் தேர்வு, பி.யூ.சி. என்றால் இங்கத்திய பிளஸ் டூ.

எந்த நுழைவுத் தேர்வு வழியாகப் போகிற சீட் என்று முதலில் கேட்பேன். பி.யூ. கல்லூரியில் இயற்பியல் நடத்திய நாளிலிருந்தே அப்படித்தான்.

குழப்பம் பெரும்பாலும் கிருஷ்ணகிரிச் சித்தப்பாவிடம் ஆரம்பிக்கும். "கட் ஆஃப் எவ்வளவு?" என்பார். அது தமிழ்நாட்டுக் கணக்கு. அங்கே பொறியியல் நுழைவுத் தேர்வு 2007லேயே போய்விட்டது. பிளஸ் டூ மார்க் மட்டும்தான். சித்தப்பா மேல் தப்பில்லை, அவர் ஊருக்கு அது சரி. இங்கே ரேங்க்குக்கு சி.இ.டி. பாதி, பி.யூ.சி.யில் இயற்பியல், வேதியியல், கணக்கு மூன்றும் சேர்ந்து பாதி.

காதால் கேட்டாலே புரியும், பேனா வேண்டாம். சி.இ.டி. 180க்கு. ஒரு பெண் 135 வாங்குகிறாள், நூற்றுக்கு 75. பி.யூ.சி.யில் 65. சராசரி 70. பக்கத்து வீட்டுப் பையன் சி.இ.டி.யில் வெறும் 90, அதாவது நூற்றுக்கு 50. பி.யூ.சி.யில் 94. சராசரி 72. பையன்தான் முன்னால். மறுபடி சொல்கிறேன், சி.இ.டி.யில் 45 மார்க் குறைவாக வாங்கியவன் முன்னால்.

அதனால்தான் பிராக்டிகல் என்றால் நான் விடமாட்டேன். இயற்பியலில் 30 மார்க் அதற்கு. டியூஷனில் எம்.சி.க்யூ.வை விளாசுகிற பிள்ளை, மின்தடை அளக்கும் மீட்டர் பிரிட்ஜில் ஜாக்கி என்கிற தொடுமுனையைக் கம்பியில் தொட்டுத் தொட்டு எடுக்காமல் இழுத்துக்கொண்டே போகும். கம்பி தேய்ந்துவிடும் அம்மா, என்று கத்துவேன். ரெக்கார்டு நோட்டைக் கேட்டால் வீட்டில் இருக்கும். கையில் வந்து விழுகிற மார்க் அது!

இந்தப் பாதிக்குப் பாதி எவ்வளவு பெரிய விஷயம் என்பது கொரோனாவில் தெரிந்தது. 2021இல் பி.யூ.சி. தேர்வு நடக்கவில்லை, நடக்காத தேர்வுக்கு மார்க் வந்தது. ரேங்க் சி.இ.டி.யை வைத்து மட்டும். 2022இல் அதே பிள்ளைகளில் பலர் மறுபடி சி.இ.டி. எழுதினார்கள். அவர்களுடைய பி.யூ.சி. மார்க்கைச் சேர்க்க மாட்டோம் என்றார்கள் சி.இ.டி. நடத்துகிறவர்கள். உயர் நீதிமன்றம் வரை போய், கவுன்சிலிங் தள்ளிப்போய், ஒரு சமரசக் கணக்கில் முடிந்தது. பி.யூ.சி. மார்க்குக்காக வீட்டில் அழுவார்கள், கேட்டிருக்கிறேன். கோர்ட்டுக்கே போனதை அப்போதுதான் பார்த்தேன்.

இப்போது 2024 முதல் அதே வருடம் மறுபடி பி.யூ.சி. எழுதி மார்க்கைக் கூட்டிக்கொள்ளலாம். வெட்கப்பட என்ன இருக்கிறது, எழுதட்டும்.

நேரமாகிவிட்டது என்று சைகை காட்டுகிறார்கள். வேகமாகச் சொல்லிவிடுகிறேன். காமெட்கே என்பது தனியார் இன்ஜினியரிங் கல்லூரிகளுக்கான நுழைவுத் தேர்வு, அதில் ரேங்க் அந்தத் தேர்வு மார்க்கில் மட்டும். பொதுப் பிரிவுக்கு மூன்று பாடத்திலும் சேர்த்து 45 சதவீதம் இருந்தால் போதும். நான் சொன்ன அந்தப் பெண்ணுக்கு அது நல்ல வழி, ஃபீஸ்தான் கூட. மத்திய அரசின் என்.ஐ.டி. கல்லூரிகளுக்கு ரேங்க் ஜே.இ.இ. நுழைவுத் தேர்வில், ஆனால் பொதுப் பிரிவில் பன்னிரண்டாம் வகுப்பில் 75 சதவீதம் வேண்டும், அல்லது அந்த போர்டில் முதல் 20 பர்சென்டைலுக்குள் இருக்க வேண்டும். நீட் பற்றி இன்னொரு நாள். வணக்கம்.