தடைக்காலத்தில் ஒரு வீடு

நேயர்களுக்கு வணக்கம். இராமநாதபுரக் கரையோரப் பள்ளிகளில் நெடுங்காலம் ஆசிரியராக இருந்தவன் நான். என்னிடம் படித்த பிள்ளைகள் வேலைக்கும் வாழ்க்கைப்பட்டும் வெளியூர் சென்ற பிறகு, அந்த வீடுகளில் எஞ்சியிருக்கும் கணவன் மனைவி இருவரைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள்கள், நம் கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். மற்ற மாதங்களில் கடலுக்குப் போவதும், விடியலில் கரை திரும்புவதும், மீனை விலை பேசிவிட்டு உறங்குவதுமாக இருந்த கணவர், இந்த 61 நாள்களும் வீட்டிலேயே இருக்கிறார். இருபத்தைந்து ஆண்டுகளாக டீசல், ஐஸ், பள்ளிக் கட்டணம், சீட்டுப் பணம் என்று மட்டுமே பேசிப் பழகிய இருவருக்கு, அவை தீர்ந்ததும் பேச ஒன்றுமில்லை என்பது அப்போதுதான் தெரிகிறது.

பாம்பனில் எனக்குத் தெரிந்த ஓர் அம்மாள், "அப்பா சாப்பிட வர்றாரான்னு கேளு" என்று கோயம்புத்தூரில் இருக்கும் மகளைக் கைபேசியில் அழைத்துச் சொல்வார். மகள் அழைத்துக் கேட்கும் அப்பாவோ பத்தடி தூரத்தில், வாசல் வேம்படியில் வலை பழுது பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் மகளின் கைபேசி அணைந்திருந்தது. மறுபடி மறுபடி எண்ணை அழுத்திக்கொண்டிருந்த மனைவியைப் பார்த்து, "யாருக்குப் போன்?" என்று கணவர் கேட்டிருக்கிறார். "உங்களுக்குத்தான்" என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் உள்ளே போய்விட்டார். மகள் இதைச் சிரித்துக்கொண்டேதான் என்னிடம் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கவனியுங்கள், அந்த வீட்டில் சண்டை இல்லை. நம் முன்னோர் சங்கப் பாடல்களில் வயல் நிலமான மருதத்துக்கு ஊடலையும் கடற்கரை நிலமான நெய்தலுக்கு இரங்கலையும் உரியவையாக வைத்தார்கள். ஊடுவதற்கும் இரங்குவதற்கும் எதிரில் இருப்பவரிடம் ஏதோ ஓர் எதிர்பார்ப்பு மிச்சமிருக்க வேண்டும். "எங்களுக்குள் சண்டையே கிடையாது" என்று பெருமையாகச் சொல்லும் தம்பதியரைக் கண்டால் எனக்கு அச்சமாகவே இருக்கிறது. முன்பும் சில மேடைகளில் இதைச் சொல்லிப் பலரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். ஆயினும் என் கருத்து மாறவில்லை.

வளைகுடா நாடுகளில் உழைத்துவிட்டுக் கீழக்கரைப் பக்கம் திரும்பிவரும் கணவர்களைப் பற்றி விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன். ஒலிப்பதிவு அறையின் கண்ணாடிக்கு அப்பாலிருந்து கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஊர் திரும்பி ஒரு மாதம் வரையிலும், சர்க்கரை டப்பா எங்கே இருக்கிறது என்று மனைவியிடம் கேட்கக் கூச்சப்பட்டு, இனிப்பில்லாத தேநீரையே குடித்ததாக அவர்களுள் ஒருவர் என்னிடம் சொன்னார். வணக்கம்.