வான் தீவில் இறங்கலாமா?

எல்லாருக்கும் வணக்கம். போன வாரம் நம்ம தூத்துக்குடி தெரேஸ்புரத்துப் பக்கம் ஒரு தம்பி என்னைப் பிடித்துக்கொண்டு, "அண்ணாச்சி, வான் தீவுக்கு ஒரு நாள் போய் மீன் சுட்டுச் சாப்பிட்டுட்டு வரலாமா, வள்ளம் ஏற்பாடு பண்ணிருவேன்" என்றான். அவனைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. 1982இல் கல்லூரிப் பையன்கள் எட்டுப் பேர் இதையேதான் செய்தோம். அப்போது யாரும் தடுக்கவில்லை. மீன் சுட்டோம், சாம்பலை அங்கேயே விட்டோம். திரும்பும்போது ஆளுக்கொரு பவளத்துண்டை உடைத்து எடுத்துக்கொண்டோம். என்னுடையது ரொம்ப நாள் எங்கள் வீட்டு ஷோகேஸில் இருந்தது.

தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவில் 21 தீவுகள் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். அதில் நம் ஊருக்குப் பக்கத்தில் இருப்பவை நான்கு: வான், காசுவார், காரைச்சல்லி, விலாங்குச்சல்லி. நான்கு என்று வாய்தான் சொல்கிறது. விலாங்குச்சல்லி தண்ணீருக்குள் போய்விட்டது, கீழக்கரைப் பக்கம் பூவரசன்பட்டியும் அப்படியே. காரை, சல்லி என்று பாருங்கள், இரண்டுமே கொத்தனார் வாயில் வருகிற வார்த்தைகள். பெயர்க்காரணம் எப்படியோ, என் காதில் அப்படித்தான் விழுகிறது, ஏனென்றால் நாம் அந்தத் தீவுகளை உண்மையிலேயே வீடாகக் கட்டிவிட்டோம்.

என் தாத்தா வீட்டுச் சுவரில் பூச்சு உதிர்ந்த இடத்தில் பூப்பூவாய்க் கல் தெரியும், நான் விரலால் தடவிக்கொண்டே இருப்பேன். அது பவளக்கல். கடலுக்குள் இறங்கிப் பெயர்த்து, வள்ளம் வள்ளமாகக் கரைக்குக் கொண்டுவந்து, சிலதைச் சுவருக்கு வைத்தார்கள், மீதியைச் சுண்ணாம்புக் காளவாயில் போட்டார்கள். பல பத்தாண்டுகள் நடந்த வேலை இது. 2001இல் பவளத்தை வனவிலங்குச் சட்டத்தின் முதல் பட்டியலில் சேர்த்தார்கள், அதாவது புலிக்கு இருக்கிற அதே பாதுகாப்பு. அதற்குப் பிறகும் கொஞ்ச காலம் திருட்டுத்தனமாக நடந்துகொண்டுதான் இருந்தது.

வான் தீவு பாறை இல்லை, மலை முகடும் இல்லை. செத்த பவளத்தின் நொறுங்கலும் மணலும் குவிந்த மேடு, அவ்வளவுதான். சுற்றிலும் கடலடியில் உயிரோடு இருக்கிற பவளப்பார், அதாவது பவளத் திட்டுதான் அலையை வாங்கி உடைத்து அனுப்பும். பாரைப் பெயர்த்துவிட்டால் அலை நேராக மேட்டில் வந்து அறையும். வான் தீவு 1986 வாக்கில் 16 ஹெக்டேர், 2014 வாக்கில் சுமார் 2 ஹெக்டேர். ஐந்து ஏக்கர் தோப்பு அளவு! அப்புறம்தான் விழித்துக்கொண்டு 2015 கடைசியில் இருந்து, துளை போட்ட கான்கிரீட் கட்டுமானங்களைக் கடலடியில் வரிசையாக இறக்கினார்கள், மொத்தம் பத்தாயிரத்துக்கும் மேல். மணல் கொஞ்சம் திரும்பச் சேர்ந்திருக்கிறது. சுண்ணாம்புக்காகக் கல்லை எடுத்த அதே இடத்தில் சிமெண்டைக் கொண்டுபோய்ப் போடுகிறோம், சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

சரி, எட்டுப் பேர் இறங்கினால் என்ன ஆகிவிடும்? முதலில் நங்கூரம். அது போய் விழுகிற இடத்தில் பவளம் இருந்தால் உடையும், கடல்புல் இருந்தால் வேரோடு வரும், அந்தப் புல்தான் ஆவுளியா என்கிற கடல்பசுவுக்குச் சாப்பாடு. அப்புறம் கால். மேட்டில் மணலைப் பிடித்து வைத்திருப்பது அடும்பங்கொடியும் ராவணன் மீசைப் புல்லும். அதை மிதித்து ஒரு ஒற்றையடிப் பாதை போட்டுவிட்டால் காற்று அந்த வழியாகவே மணலைக் கிளப்பத் தொடங்கும். வாடைக் காலத்தில் தூர தேசத்துப் பறவைகள் வந்து அங்கே இளைப்பாறும், நாம் பாட்டுப் பெட்டியோடு போய் இறங்குவோம்.

1986இல் தேசியப் பூங்கா ஆன பிறகு வனத்துறை அனுமதி இல்லாமல் தீவில் கால் வைக்கக் கூடாது. இதில் எனக்கு ஒரு வருத்தமும் உண்டு. மண்டபம் பக்கம் தலைமுறையாகக் கடல்பாசி எடுத்துப் பிழைக்கிற பெண்களை அந்தத் தீவுகளை அண்டவிடாமல் விரட்டுகிறோம். அவர்கள் போகக் கூடாத இடத்துக்கு, பிறந்தநாள் கொண்டாட நாம் மட்டும் போவோமா?

பார்த்தே ஆகவேண்டும் என்றால் பாம்பனுக்குப் போங்கள். 1897இல் விவேகானந்தர் வந்து இறங்கிய குந்துகாலில் இருந்து வனத்துறையே படகில் குருசடைத் தீவுக்குக் கூட்டிப்போகிறது. கண்ணாடி பதித்த அடித்தளம் வழியாகப் பவளத்தைப் பார்க்கலாம். போவதற்கு முன் படகு ஓடுகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள், கடல் கொந்தளித்தால் நிறுத்திவிடுவார்கள்.

அந்த ஷோகேஸ் துண்டு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஒருநாள் அம்மா வீட்டைச் சுத்தம் பண்ணும்போது கீழே விழுந்து நொறுங்கிவிட்டது. அள்ளி முருங்கை மரத்தடியில் போட்டாள். மழை பெய்தால் இன்னமும் அங்கே வெள்ளையாய் இரண்டு மூன்று துணுக்கு தெரியும்.