முடி வெட்டினால் விலை போனதாகிவிடுமா? | 60 ரூபாய் கேசட் | ஏற்காட்டிலிருந்து

வணக்கம் மக்களே. பின்னால் ஒன்றுமே தெரியவில்லையே என்று போனைத் தட்டாதீர்கள், அது பனி. ஏற்காட்டில், லேடீஸ் சீட் போகிற வழியில் ரோட்டோரமாக வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே உட்கார்ந்து பேசுகிறேன். கண்ணாடியை ஏற்றிவிட்டேன். போன முறை பகோடா பாயிண்ட்டில் நின்று எடுத்த வீடியோவில் என்னைவிடக் காற்று அதிகமாகப் பேசியிருந்தது. அந்தத் தப்பு இன்றைக்கு இல்லை.

வண்டி என்னுடையது இல்லை, கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் என் கொலுசு மாமாவுடையது. பழைய வீடியோக்களைப் பார்த்தவர்களுக்கு இந்த மாருதி 800ஐ நன்றாகத் தெரியும். இன்றைக்கு ஏன் இதைக் கெஞ்சி வாங்கி வந்தேன் என்றால், எங்கள் சொந்தத்திலேயே கேசட் டெக் உயிரோடு இருப்பது இதில் மட்டும்தான்.

ஆமாம், கேசட். உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது, அதனால் டப்பாவை மட்டும் காட்டுகிறேன். மெட்டாலிகா என்கிற அமெரிக்க ஹெவி மெட்டல் பேண்டின் 'லோட்' ஆல்பம், 1996. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு பழைய இரும்புக் கடையில், சாக்குமூட்டைக்குள் பக்திப் பாடல் கேசட்டுகளோடு கிடந்தது. கடைக்காரர் 150 ரூபாய் சொன்னார். "அண்ணா, இதைப் போட்டுக் கேட்க ஊரில் மெஷினே இல்லை" என்றேன். "அப்ப உனக்கு எதுக்கு தம்பி?" என்றார். பதில் சொல்ல முடியாத கேள்விதான். எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு நடக்க ஆரம்பித்தேன். 100 என்றார். திரும்பிப் பார்க்கவில்லை. 80. அப்போதும் இல்லை. சைக்கிள் ஸ்டாண்ட் வரைக்கும் போய்விட்டேன், அவர் கூப்பிடவே இல்லை. பயந்துபோய் நானே திரும்பி வந்து 60 கொடுத்தேன், வாங்கிக்கொண்டார். என் வாழ்க்கையில் பேரம் பேசி ஜெயித்தது இது ஒன்றுதான், அதனால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் உள்ளே அந்தப் பஞ்சு இல்லை. நாடாவை ஹெட் மேல் அழுத்திப் பிடிக்க, சின்னச் செம்புத் தகட்டில் ஒரு துண்டு ஃபெல்ட் ஒட்டியிருக்குமே, அது. பசை காய்ந்து எப்போதோ உதிர்ந்து போயிருக்கிறது. அது இல்லாவிட்டால் மெட்டாலிகா பாடகர் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட் கம்பளிக்குள் தலையை விட்டுக்கொண்டு பாடுகிற மாதிரி கேட்கும். நல்ல வேளை, இது ஐந்து ஸ்க்ரூ போட்ட கேசட். ஒட்டின கேசட்டாக இருந்தால் கத்தியால் பிளக்க வேண்டும், பாதி உடைந்துவிடும். மாமா பட்டறையில் வெள்ளிக்கு மெருகு ஏற்றுகிற ஃபெல்ட் சக்கரம் ஒன்று தேய்ந்து ஓரமாகக் கிடந்தது. அதில் பச்சரிசி அளவு ஒரு துண்டை வெட்டி ஒட்டினேன். ரெனால்ட்ஸ் பேனாவைப் பல்லில் மாட்டி நாடாவை ஒரு முறை முழுக்கச் சுற்றிவிட்டேன். சத்தம் பளிச்சென்று வந்துவிட்டது.

மாமாவுக்கு இந்த ஃபெல்ட் விஷயம் தெரியாது. அவர் இந்த சேனலைப் பார்ப்பதில்லை. பார்க்கிறவர்கள் போட்டுக் கொடுக்காதீர்கள்.

ஏனென்றால் சண்டையே இந்தக் கேசட்டால்தான். டப்பாவைப் பார்த்ததும் மாமா சொன்னது இதுதான்: "முடிய வெட்டிட்டு விலை போனவனுங்க பாட்டையா காசு குடுத்து வாங்கினே?" காசுக்காகப் பாணியை மாற்றிக்கொண்டார்கள் என்பது அவர் குற்றச்சாட்டு. அறுபது ரூபாய்தான் மாமா என்றால், அறுபது பைசா என்றாலும் அதிகம் என்கிறார்.

புதிதாக வந்தவர்களுக்காக ஒரு நிமிடம். மாமாவுக்கு மெட்டாலிகா என்றால் 1983இல் வந்த 'கில் எம் ஆல்' முதல் 1988இல் வந்த 'ஆண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்' வரைக்கும் நான்கு ஆல்பம். அதோடு கதவைச் சாத்திவிட்டார். 1991இல் பாப் ராக் என்பவரைத் தயாரிப்பாளராகப் போட்டுக் கறுப்பு அட்டை ஆல்பம் வந்தது. பாட்டெல்லாம் சுருங்கியது, வேகம் குறைந்தது, அமெரிக்காவில் மட்டுமே 1 கோடியே 60 லட்சத்துக்கு மேல் விற்றது. ஐந்து வருடம் கழித்து 'லோட்'. நான்கு பேரும் முடியை வெட்டிக்கொண்டு, அதில் சிலர் கண்ணில் மையும் தீட்டிக்கொண்டு போட்டோவுக்கு நின்றார்கள். பாட்டில் ப்ளூஸ் வாடை, ஒரு பாட்டு அப்பட்டமான கன்ட்ரி. அதன் பெயரே 'மாமா செட்'. அங்கே அது அம்மாவைச் சொல்வது, ஆனால் நான் மாமாவைக் கடுப்பேற்ற அதையே போட்டுக் காட்டினேன்.

இப்போது என் பக்கம். 'ஜஸ்டிஸ்' ஆல்பத்தில் அடிச் சுருதி தருகிற பேஸ் கிடார் காதில் விழவே விழாது. ஜேசன் நியூஸ்டெட் வாசித்தாரா, வீட்டுக்குப் போய்விட்டாரா என்று சந்தேகமாக இருக்கும். டைட்டில் பாட்டு கிட்டத்தட்ட பத்து நிமிடம். அதே வழியில் இன்னும் போயிருந்தால் பாட்டு எங்கே முடிகிறது என்று வாசிக்கிறவர்களுக்கே மறந்திருக்கும். கறுப்பு ஆல்பத்தில்தான் பேஸுக்கு உயிர் வந்தது. ஹெட்ஃபீல்ட் ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு மறு கையால் சும்மா கம்பிகளை மீட்டியதில் ஒரு மெதுவான பாட்டு பிறந்தது. அந்த ஆரம்பத்தை வாசிக்க இடது கையே வேண்டாம், ஆறாவது, மூன்றாவது, இரண்டாவது, முதல் கம்பி, எல்லாம் திறந்த கம்பிகள். கிடார் வாங்கி ஒரு வாரம் ஆன பையன்கூட வாசிப்பான். அதற்காக அது மட்டமாகிவிடுமா?

கேட்டேன். மாமா காதில் வாங்கவில்லை. அப்போதுதான் எனக்கு அந்தப் புத்தி வந்தது. பட்டறையில் சுவரில் ஒரு பழைய கொலுசு மாட்டியிருப்பார், பார்த்திருப்பீர்கள். கனமானது, கண்ணி கண்ணியாகக் கையால் பற்ற வைத்தது, ஒரு ஜோடி முடிக்கவே நாள் கணக்காகும். இப்போது அவர் செய்வதெல்லாம் பூ மாதிரி லேசான சரக்கு, சலங்கைகூட இரண்டோ மூன்றோதான். "மாமா, நீங்களும் சவுண்டை மாத்திட்டீங்க இல்லே? நீங்க விலை போயிட்டீங்களா?"

பட்டறையில் இருந்த இரண்டு பேரும் ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டார்கள்.

மாமா கோபப்படவில்லை. கொக்கி ஒன்றை இடுக்கியில் பிடித்தபடியே சொன்னார்: "நான் யாருகிட்டயாவது நான் வியாபாரி இல்லேன்னு சொன்னேனா மாப்ள? அவனுங்க ஆறு வருசம் ஒரு வீடியோகூட எடுக்காம, நாங்க அந்தக் கூட்டம் இல்லேங்கிற மாதிரி நின்னானுங்க. அதைப் பார்த்துதான் நானும் முடி வளர்த்தேன். உங்க தாத்தாகிட்ட வெளக்குமாத்துல வாங்கினேன்."

ஒன்றும் பேச முடியவில்லை. நான் ஒரு வாரமாகச் சுருதி, வேகம், பேஸ் என்று பேசிக்கொண்டிருக்கிறேன். அவர் பேசுவது வெளக்குமாறைப் பற்றி. ஒரு பேண்டை நம்பி வீட்டில் அடி வாங்கினவனிடம் போய் தயாரிப்பு நன்றாயிருக்கிறது பாருங்கள் என்றால் எப்படி?

சரி, அவர் சொன்னதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். விலை போனவர்கள் இல்லாமல் இல்லை. செல்டிக் ஃப்ராஸ்ட் என்கிற மெட்டல் பேண்ட் 1988இல் 'கோல்ட் லேக்' ஆல்பம் போட்டார்கள். அதுவரை கல்லறைக்குள் இருந்து வந்த சத்தம், திடீரென்று தலைமுடியைப் புசுபுசுவென்று ஊதிவிட்டுக்கொண்டு ஊரோடு ஒத்துப் போனார்கள். பாடின டாம் வாரியரே பின்னால் அதைக் கைகழுவிவிட்டார். அதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன்.

ஆனால் ஓபெத்? 2009இல் சென்னை ஐ.ஐ.டி. சாரங் விழாவில் வாசித்தார்களே, அந்த மெட்டல் பேண்ட். 2011இல் 'ஹெரிடேஜ்' போட்டபோது தொண்டையிலிருந்து உறுமிப் பாடுவதையே விட்டுவிட்டார்கள். எழுபதுகளின் புராக் ராக் பாணி, மெல்லோட்ரான் என்கிற பழைய கீபோர்டு, அது இது. காசுக்காகவா? உறுமலுக்காக வந்த கூட்டம் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் என்று தெரிந்தே எவனாவது மெல்லோட்ரானை நம்பி வியாபாரம் செய்வானா? 2024 ஆல்பத்தில் உறுமல் திரும்ப வந்ததும் இதே ஜனம் "ஆகா, திருந்திவிட்டார்கள்" என்கிறது. கூட்டத்துக்குப் பிடித்ததைத் திரும்பக் கொடுத்தால் நேர்மை, கொடுக்காவிட்டால் துரோகம். என்ன கணக்கு இது?

1986ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஜூடாஸ் ப்ரீஸ்ட் பேண்டின் 'டர்போ' ஆல்பத்தில், கிடாரை எலக்ட்ரானிக் கீபோர்டு மாதிரி ஒலிக்க வைக்கிற கிடார் சிந்தசைசர். அயர்ன் மெய்டன் பேண்டின் 'சம்வேர் இன் டைம்' ஆல்பத்திலும் கிடார் சிந்தசைசர். திட்டு முழுக்க ப்ரீஸ்டுக்கு, மாலை முழுக்க மெய்டனுக்கு. மாமாவைக் கேட்டால் "மெய்டன் வேற" என்பார். அவ்வளவுதான் விளக்கம்.

'லோட்' விஷயத்திலும் அதையேதான் கேட்கிறேன். கறுப்பு ஆல்பம் அப்படி விற்ற பிறகு பணம்தான் குறி என்றால், அதே மாதிரி இன்னொன்று போட்டிருந்தால் போதும். அதற்குப் பதிலாக 79 நிமிடத்துக்கு 14 பாட்டு, பாதி ரசிகர்களுக்கு வாந்தி. எனக்கே ஐந்து பாட்டு வேண்டாம்தான். எடிட்டர் இல்லாத ஆல்பம். சிடியில் இடம் போதாமல் கடைசிப் பாட்டை நறுக்கியிருக்கிறார்கள், அப்போதாவது புரிந்திருக்க வேண்டாமா? அட்டைப் படம் வேறு, மாட்டு ரத்தத்தோடு... வேண்டாம், இன்னொன்று என்ன என்று நீங்களே தேடிக்கொள்ளுங்கள். அம்மா பார்த்துவிட்டு "நெருப்புப் படமா, நல்லாயிருக்கே" என்றார்கள். நான் திருத்தவில்லை.

ஐயோ, முக்கியமானதை விட்டுவிட்டேன். இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். இரண்டு நாளைக்கு முன் அத்தை அலமாரியிலிருந்து கல்யாண ஆல்பத்தை எடுத்துக் காட்டினார். 1995. மாமா பட்டு வேட்டியில், ஒட்ட வெட்டின கிராப்போடு நிற்கிறார். பெண் வீட்டில் சொன்னார்களாம், முடியோடு வந்தால் தாலி கட்ட விட மாட்டோம் என்று. மெட்டாலிகாவுக்கு ஒரு வருடம் முன்னாலேயே மாமா வெட்டிவிட்டார்! இதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை. எப்போது சொல்வது என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. 2011 அக்டோபர் 30, பெங்களூரு பேலஸ் கிரவுண்ட்ஸ். மாமா சேலத்திலிருந்து ரயிலேறிப் போனார், நான் ஒட்டிக்கொண்டேன். அந்தத் திறந்த கம்பிப் பாட்டு ஆரம்பித்ததும் இவர் கண்ணை மூடிக்கொண்டு ஒரு வரி விடாமல் பாடினார். 1988இல் கதவைச் சாத்தினவருக்கு வரிகள் எப்படித் தெரிந்தன?

நேரமாகிவிட்டது, எட்டு மணிக்குள் வண்டியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இந்தப் பனியில் இருபது கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டும். ஏறும்போது பதிமூன்றாவது வளைவில் டெக் ஒரு மாதிரி கரகரவென்றது, சொன்னேனா? சொல்லவில்லை. அப்புறம் சரியாகிவிட்டது. இருங்கள், கேசட்டை எடுத்து டப்பாவில் போட்டுவிடுகிறேன், வண்டியில் இதைப் பார்த்தால் மாமா...

வரவில்லை. ஒரு நிமிடம்.

எஜெக்ட் அமுக்கினால் உள்ளே டக் என்கிறது, கேசட் அசையவே இல்லை. இது வேறு தானாகவே பக்கம் மாறி மாறிப் பாடுகிற டெக். சாவி போட்டதும் ஆரம்பித்துவிடும், ஆஃப் பட்டன் போன வருடமே உடைந்துவிட்டது. மக்களே, யாராவது நாளைக்குச் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் போனால், மாமா வண்டி ஸ்டார்ட் செய்யும் நேரத்தில் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள்.