ஒரு சொடுக்கும், அதன் பின்னால் ஒரு துடிப்பும்

வணக்கம் நேயர்களே.

1979 மார்ச் 5. வெள்ளிக் கோளில் இறங்குகலங்களை விட்டுவிட்டு, வெனிரா 11, வெனிரா 12 என்ற இரண்டு சோவியத் விண்கலங்கள் சூரியனைச் சுற்றிக்கொண்டிருந்தன. அவற்றின் காமா கதிர் கருவிகள் நொடிக்கு 100 என்ற அளவில் அமைதியாக எண்ணிக்கொண்டிருந்தன. கண்மூடித் திறப்பதற்குள் அந்த எண்ணிக்கை 2 லட்சத்தைத் தாண்டிவிட்டது. அடுத்து சூரியனைச் சுற்றிய ஹீலியோஸ் 2 விண்கலம், வெள்ளியைச் சுற்றிய பயனியர், பூமியைச் சுற்றிய வேலா செயற்கைக்கோள்கள் என்று அந்தக் காமா கதிர் அலை ஒவ்வொன்றையும் தொட்டுக்கொண்டே போனது. எந்தக் கலத்தை எப்போது தொட்டது என்ற நேர வித்தியாசத்தை வைத்தே வந்த திசையைக் கணக்குப் போட்டார்கள். பெரிய மெகல்லன் மேகம்! சுமார் 1,60,000 ஒளியாண்டு தள்ளியிருக்கிற குட்டி கேலக்சி அது.

அந்த வெளிச்சத்தைவிட, அதற்கு அப்புறம் வந்ததுதான் எனக்குப் பெரிது. இதோ, விரலைச் சொடுக்குகிறேன். முதல் வெடிப்பு இவ்வளவு நேரம்தான். அதன் பின்னால் மங்கலாக ஒரு வால் நீண்டது. 8 நொடிக்கு ஒரு தடவை அது கூடிக் குறைந்தது. நிமிடக் கணக்கில் தொடர்ந்தது. அப்படியானால் அங்கே ஏதோ ஒன்று சுழல்கிறது.

அது ஒரு நியூட்ரான் நட்சத்திரம். சூரியனைவிடக் கனமான பொருள், சுமார் 20 கிலோமீட்டர் குறுக்களவில் அமுங்கிக் கிடக்கும் உருண்டை. அதன் காந்தப்புலமோ பூமியுடையதைவிடப் பல கோடி கோடி மடங்கு வலியது. இத்தகைய நட்சத்திரத்துக்கு 1992-இல் ராபர்ட் டங்கனும் கிறிஸ்டோபர் தாம்சனும் வைத்த பெயர் மேக்னட்டார். உள்ளே முறுக்கேறிய காந்தப்புலம் கெட்டியான மேலோட்டை இழுத்து இழுத்து, ஒரு கட்டத்தில் ஓடு தாங்காமல் விரிசல் விடுகிறது. அப்போது தெறிப்பதுதான் அந்தச் சொடுக்கு. தப்பிக்க முடியாமல் காந்தப்புலத்தில் மாட்டிக்கொண்ட நெருப்புப் பந்து நட்சத்திரத்தோடு சேர்ந்து சுழல்கிறது. அதனால்தான் வாலில் துடிப்பு.

2004 டிசம்பர் 27 அன்று நம் பால்வெளியிலேயே ஒன்று இப்படி வெடித்தது. சூரியன் லட்சம் ஆண்டுகளுக்கு மேல் கொடுக்கிற ஆற்றல் 0.2 நொடியில் வெளிவந்தது. பூமியின் மேல் காற்றில் மின்னூட்டம் கொண்ட அடுக்கான அயனி மண்டலமே அசைந்தது. நிலாவில் பட்டுத் திரும்பிய காமா கதிரைக்கூட ஒரு செயற்கைக்கோள் பிடித்தது. அதிலும் வால் வந்தது, 7.5 நொடித் துடிப்போடு.

இதே வெடிப்பு தொலைதூர கேலக்சியில் நடந்தால் என்ன ஆகும்? வால் மங்கிப்போய்விடும், சொடுக்கு மட்டும்தான் நமக்கு வந்து சேரும். இரண்டு நியூட்ரான் நட்சத்திரங்கள் மோதினாலும் ஏறக்குறைய இப்படித்தான் தெரியும்.

2023 நவம்பர் 15 அன்று எம் 82 கேலக்சியின் திசையிலிருந்து அப்படி ஒரு சொடுக்கு வந்தது. இன்டெக்ரல் விண்கலம் பிடித்த சில நொடிகளில் உலகெங்கும் தகவல் பறந்தது. சில மணி நேரத்தில் எக்ஸ்எம்எம் நியூட்டன் தொலைநோக்கி அங்கே திரும்பிப் பார்த்தது. மோதலாக இருந்தால் எக்ஸ் கதிரில் பின்னொளி தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. மோதலில் கிளம்பி வெளியையே அதிரவைக்கும் ஈர்ப்பலையும் வரவில்லை. வராதவற்றை வைத்தே அதை மேக்னட்டார் என்று அடையாளம் கண்டார்கள்.

மோதல் என்று நாம் கணக்கில் எழுதிவைத்த பழைய குறு வெடிப்புகளிலும் சில மேக்னட்டார்களாகவே இருக்கும் என்பது என் எண்ணம். அந்தப் பதிவுகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்க்க வேண்டும்.

நன்றி, வணக்கம்.